பெயிண்ட் அடிப்பதற்கு முன் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டு உள் அலங்காரம் என் தொழில். புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் என்னை அழைக்கும்போது அநேகமாக எல்லா வேலையும் முடிந்திருக்கும். தரைக்கு டைல்ஸ் பதித்தாகிவிட்டது. சமையலறை அலமாரிகள் வந்து இறங்கிவிட்டன. சோபா வாங்கியாகிவிட்டது, அதன் பிளாஸ்டிக் உறையை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு வெற்றுச் சுவர். அதைக் காட்டி, “இங்கே மாட்ட ஒரு படம் வேண்டும், சோபா நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி” என்பார்கள்.

அந்தக் கட்டத்தில் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். சோபாவின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகும் படம் ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது தெரியும். சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும், அவ்வளவே.

நான் வேலை செய்யும் முறை இதற்கு நேர் எதிரானது. முதலில் படம். சுவரின் நிறம், திரைச்சீலை, விளக்கு, சோபா எல்லாம் அதற்குப் பிறகு. படம் என்று நான் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். அது கலம்காரித் துணியாக இருக்கலாம், செப்புத் தகட்டில் செய்த சிற்பமாக இருக்கலாம், பாட்டியின் கோல நோட்டாகக்கூட இருக்கலாம். வீட்டில் வாழ்கிறவர்களின் மனத்தோடு ஒட்டிய ஒரு பொருளை வைத்து அறையைத் தொடங்கினால், மற்ற முடிவுகளில் பாதி தாமாகவே அமைந்துவிடுகின்றன. புதிதாக வீடு அமைப்பவர்களுக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். நான் சென்னையில் வேலை செய்கிறவள். அதனால் கடற்காற்றும் ஐப்பசி மழையும் இதில் நிறையவே வரும்.

முதலில் பரணைப் பாருங்கள்

புது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் முதல் நாள் அளவு நாடாவைப் பையிலிருந்து வெளியே எடுப்பதில்லை. “இந்த வீட்டில் எந்தப் பொருளைத் தூக்கிப்போட உங்களுக்கு மனம் வராது?” என்று கேட்கிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் குடும்பத் தலைவரின் பதிலே எல்லோருடைய பதிலும் ஆகிவிடும். பிறகு பரண், டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.

மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில், “கலைப்பொருள் என்று ஒன்றும் எங்களிடம் கிடையாதம்மா, நாங்கள் சாதாரணக் குடும்பம்” என்றுதான் பேச்சு தொடங்கியது. பீரோவைத் திறந்தபோது பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. கும்பகோணத்தில் வாழ்ந்த அவருடைய அம்மா பல ஆண்டுகளாகக் கோலம் வரைந்து வைத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்ன எழுத்தில் “15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி” என்பது போன்ற குறிப்பு. சிக்குக் கோலங்களில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே இழுப்பில் வந்திருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை, விரல் ரேகை தெரியும் அளவுக்கு. சமையலுக்கு நடுவில் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

அந்த நோட்டிலிருந்துதான் அந்த வீட்டின் சாப்பாட்டு அறை பிறந்தது. ஒன்பது பக்கங்களை ஸ்கேன் செய்து, பருத்தித் தாளில் அச்சிட்டு, வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை மாட்டினோம். மூல நோட்டை மாட்டவில்லை. பேனா மை வெளிச்சத்தில் வெளிறிவிடும், அதுவும் கணக்கு நோட்டுத் தாள் சீக்கிரம் நொறுங்கும் ரகம். நோட்டு இன்றும் அமிலமற்ற அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சுவருக்கு, பழுத்த அந்தத் தாளின் நிறத்தையே அடித்தோம். நாற்காலித் துணிக்கு மையின் கருநீலம். வேறு எந்த அலங்காரமும் அந்த அறைக்குத் தேவைப்படவில்லை. எத்தனையோ விலை உயர்ந்த ஓவியங்களை மாட்டியிருக்கிறேன். இந்தச் சுவர் தந்த நிறைவை அவற்றில் பல தரவில்லை.

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் வீட்டையே தேடிப் பாருங்கள். பழைய கல்யாணப் போட்டோ, பத்தமடைப் பாய், தாத்தா கொண்டுவந்த பர்மா அரக்குப் பெட்டி, குழந்தை வரைந்த யானை. ஒன்றும் அகப்படவில்லை என்றால் அப்போது வெளியே போகலாம்.

சுவரோடு ஒரு நாள் இருங்கள்

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை எட்டு மணி, பிற்பகல் மூன்று மணி, விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளை அந்த அறையில் போய் நில்லுங்கள். வெயில் நேராக விழும் சுவர் எது, ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கும் சுவர் எது என்பது அப்போதுதான் தெரியும். கைப்பேசியில் மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் விழும் சுவரில் தாள், துணி, நீர்வண்ணம் எதுவும் கூடாது. உலோகச் சிற்பமும் சுடுமண்ணும் அங்கே தாராளமாக இருக்கலாம்.

வாசற்கதவைத் திறந்ததும் எது முதலில் கண்ணில் படுகிறது, சாப்பிட உட்கார்ந்தால் எந்தச் சுவர் எதிரே இருக்கிறது, படுக்கையில் விழித்ததும் எது தெரிகிறது என்று பாருங்கள். வீட்டில் அதிக நேரம் பார்க்கப்படும் சுவர்கள் இவைதான். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைச் சோபாவில் உட்காருகிறவர் பார்ப்பதே இல்லை. இருந்தும் எல்லோரும் முதலில் நிரப்ப நினைப்பது அதைத்தான்.

அடுத்து ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். தொடக்க காலத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். அடையாற்றில் ஒரு வீட்டில் அழகான நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் படுக்கையறைச் சுவரில் மாட்டினேன். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை என்பது எனக்குத் தெரியும். பூச்சு காய்ந்துதான் இருந்தது, பெயிண்டும் நன்றாக இருந்தது, அதனால் யோசிக்கவில்லை. கார்த்திகை மாதம் அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தேன். ஓவியத்தில் வானம் இருந்த இடத்தில் பழுப்புப் புள்ளிகள், மிளகைப் பொடித்துத் தூவியது போல. பூஞ்சணம். ஓவியரே வந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். அன்றிலிருந்து குளியலறையை ஒட்டிய சுவர், வடகிழக்குப் பருவமழை நேராக அறையும் வெளிச்சுவர், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள சுவரின் மேல்பகுதி ஆகிய மூன்றிலும் தாள் ஓவியம் மாட்டுவதில்லை. புதுச் சுவராக இருந்தால் ஒரு மழைக்காலம் போகட்டும். சுவரின் குணம் தெரிந்த பிறகு மாட்டலாம்.

கண்ணைப் பழக்குங்கள், பிறகு வாங்குங்கள்

‘எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாங்கும் எண்ணத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருங்கள். சென்னையில் அதற்குப் பெரிய செலவு கிடையாது.

நான் முதலில் அனுப்பும் இடம் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966இல் உருவாக்கியது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு வரைந்தார்கள். பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் எழுத்தும் எண்ணும் ஜாதகக் கட்டமும் போன்ற குறிகள் பரவிக் கிடக்கும். வாசிக்கப் போனால் வாசிக்க முடியாது. ‘இதில் என்ன இருக்கிறது’ என்று முதல் முறை கேட்டவர்கள், மூன்றாம் முறை அதே ஓவியத்தின் முன் நெடுநேரம் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களைப் பார்த்தால், கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசம் ஞாபகத்துக்கு வரும். நவீன ஓவியம் என்றால் நமக்கு அந்நியமானது என்ற எண்ணம் அங்கே போய்வந்தவர்களிடம் இருப்பதில்லை.

அடுத்து கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம். இளம் கலைஞர்களின் கண்காட்சிகள் அங்கே அடிக்கடி நடக்கும். ஓவியர்களோடு நேரில் பேசலாம். எழும்பூரில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியக் கல்லூரி இருக்கிறது. மாணவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் நேரமாகப் பார்த்துப் போனால், கைக்கு எட்டும் விலையில் மிக நல்ல வேலைகளைக் காணலாம். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவையும் விட்டுவிடாதீர்கள். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அங்கே உள்ள செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஓவியம், மரவேலை, தரை, சுவர் என்று தனித்தனியாகப் பிரித்து நினைக்காமல் வீடு கட்டியவர்கள் நம் முன்னோர் என்பது விளங்கும்.

செட்டிநாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் தயாராவதை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை நடுங்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். அச்சை மெல்லத் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, இறுக்கி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் சுடுவது கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானாக விலகுகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. கையால் செய்ததால் இரண்டு கல் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. பூஜை அறைக்கோ நுழைவாயிலுக்கோ இருபது சதுர அடி மட்டும் பதித்தாலும் போதும், அதுவே அந்த வீட்டின் ஓவியம்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்தது எது என்பதைவிட, வீட்டுக்கு வந்த பிறகும் எது ஞாபகத்தில் இருந்தது என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்தும் மனத்தை விட்டு அகலாத படம்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய படம்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

வீட்டுச் செலவுக் கணக்கு போடும் முதல் நாளே கலைக்கென ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். உள்வேலைச் செலவில் பத்தில் ஒரு பங்கு என்று நான் சொல்வது வழக்கம். முடியாவிட்டால் இருபதில் ஒரு பங்கு. மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது.

கை ஓவியம் வாங்க வசதி இல்லையென்றால் கலைஞர்களே அச்சிடும் பிரதிகளை வாங்குங்கள். கல் அச்சு, செப்புத் தகட்டு அச்சு, பட்டுத்திரை அச்சு என்று பல வகை உண்டு. அடியில் பென்சிலால் 7/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் 25 பிரதிகளில் அது ஏழாவது என்று பொருள். பக்கத்தில் கலைஞரின் கையெழுத்து இருக்கும். அச்சு என்பதால் மட்டமாக நினைக்க வேண்டாம். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் ஊர்தோறும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டர்களின் வழியே குடிசைக்குள்ளும் போயின. அந்தப் பழைய காலண்டர் படம் உங்கள் வீட்டில் கிழியாமல் இருந்தால் அதற்கு நல்ல சட்டம் போடுங்கள். அது அந்த மரியாதைக்கு உரியது.

தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிறவர்கள் தங்கத்தாள் எத்தனை கேரட் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். மரபாக 22 கேரட் தாள் ஒட்டுவார்கள். மினுக்கும் போலித்தாள் சில ஆண்டுகளில் கறுத்துவிடும். படத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்: சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துக் கட்டிய மேடு நகைகளின் மேல் திடமாக, விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். கடைசியாக முகத்தைப் பாருங்கள். தங்கத்தையும் கல்லையும் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். கண்ணும் உதடும் உயிரோடு இல்லாத கிருஷ்ணன் எத்தனை தங்கம் ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

பழைய சிலை, கோயில் தூண், தேர்ச் சிற்பம் என்று யாராவது விற்க வந்தால் கவனமாக இருங்கள். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. சிலைகள், ஓவியங்கள் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் இல்லாதவர் தொல்பொருள் வியாபாரம் செய்யக்கூடாது. தமிழகக் கோயில்களிலிருந்து எத்தனை திருமேனிகள் களவு போயின என்பது நாம் அறிந்ததே. சிலைத் திருட்டைத் தடுக்க 1983 முதல் காவல்துறையில் தனிப்பிரிவே இயங்குகிறது. பூஜையில் இருந்த மூர்த்தியை வரவேற்பறையில் விளக்குப் போட்டு நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. ஆசைப்பட்டால் சுவாமிமலைக்குப் போங்கள். அங்குள்ள ஸ்தபதிகளிடம் இன்றைய வார்ப்பில் உங்களுக்கென்றே ஒன்று செய்து வாங்கலாம். மெழுகில் உரு செய்து, வண்டல் மண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றும் அதே பழைய முறைதான்.

இணையத்தில் கண்ட படத்தை இறக்கி அச்சிட்டு மாட்டுவதும் தவறு. ஓவியத்தின் பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடம் இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியவருக்கும் அதைப் பிரதி எடுத்து விற்கும் உரிமை கிடையாது. ஓர் ஓவியரிடம் இன்னொரு ஓவியரின் படத்தைக் காட்டி ‘இதே மாதிரி வரைந்து கொடுங்கள்’ என்று கேட்பதைத் தொழிலுக்குப் புதியவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். அளவு, முன்பணம், தரும் தேதி ஆகியவற்றை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு அவரை ஒரு முறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். பிறகு அவர் கையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

படத்திலிருந்து நிறத்தை எடுப்பது

படம் வந்துவிட்டது. இனி அறை.

புதியவர்கள் செய்கிற வழக்கமான பிழை, படத்தில் கண்ணைப் பறிக்கும் நிறத்தை எடுத்துச் சுவருக்கு அடிப்பது. ஓவியத்தில் ஒரு மூலையில் சிவப்புப் புடவை இருக்கும். சுவர் முழுக்கச் சிவப்பு அடித்துவிடுவார்கள். ஓவியத்தில் அந்தச் சிவப்புக்கு இருந்த மதிப்பு அத்தோடு போய்விடும். நான் தேடுவது, படத்தில் யாரும் கவனிக்காத நிறத்தை. பின்னணியில் இருக்கும் மங்கிய மண் நிறம், நிழலில் கிடக்கும் பச்சை கலந்த சாம்பல், துணியின் சாயம் ஏறாத பால் நிறம். அதுவே சுவருக்கு. பளிச்சென்ற நிறத்தைக் கையளவு மட்டும் வேறெங்காவது வைக்கிறேன்: ஒரு திண்டுறை, ஒரு பூச்சாடி, புத்தக அலமாரியின் உட்புறம்.

நிற அட்டையைக் கடையின் குழல்விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நிறங்களில் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்து, பக்கத்தில் படத்தைச் சாத்தி வைத்து மூன்று வேளையும் பாருங்கள். ஒரு காளஹஸ்திக் கலம்காரியை வைத்து இப்படிப் பார்த்தபோது, நான் உறுதியாக நம்பியிருந்த வெள்ளை, மாலையில் நீலம் பாய்ந்து நின்றது. கடுக்காயிலும் பாலிலும் ஊறிய துணிக்கு இளமஞ்சள் ஓடும். பக்கத்தில் நீல வெள்ளை இருந்தால் துணி அழுக்காகத் தெரியும். சந்தனம் கலந்தது போன்ற வெள்ளைக்கு மாறிய பிறகுதான் வெல்லமும் இரும்பும் ஊறிய காடியில் எழுதிய அந்தக் கறுப்புக் கோடுகள் எழுந்து நின்றன.

அளவு பற்றிச் சந்தேகம் இருந்தால் பழைய செய்தித்தாள் போதும். படத்தின் அளவுக்கு வெட்டி, சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். சோபாவுக்கோ கட்டிலுக்கோ மேலே என்றால், அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பெரிய சுவரில் தபால் அட்டை அளவுப் படம் ஒன்று மட்டும் தொங்குவது பரிதாபம். அதே சிறிய படம், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள ஓரடிச் சுவரில் ராஜாவைப் போல இருக்கும். எல்லாச் சுவரையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. ஓர் அறைக்கு ஒரு சுவராவது வெறுமையாக இருக்கட்டும்.

சட்டம் போடுவது

சட்டக் கடைக்காரரிடம் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையும் பின்னால் வைக்கும் அட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் தாளில் பழுப்புக் கோடு போட்டுவிடும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் கையோடு வரும். தாளைப் பசையிட்டு அட்டையில் முழுவதுமாக ஒட்டக்கூடாது. சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே அந்த விரற்கடை இடைவெளியில் காற்று ஓடினால் பூஞ்சணமும் இராப்பூச்சியும் குறையும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது மிக முக்கியம்.

கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடி தேவையில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட அது வசதி, வெளிச்சம் அடித்துக் கூசாது.

மாட்டுவது

அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டுவார்கள், நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு. வீட்டில் நாம் அதிகம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் இதைவிட நான்கு விரற்கடையாவது இறக்கி மாட்டுவேன். தரையில் பாய் விரித்து உட்காரும் மூலை இருந்தால் இன்னும் தாழ. பெரும்பாலான வீடுகளில் படங்கள் கதவு நிலைக்கும் மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கின்றன. பழைய வீடுகளில் அது சரியாக இருந்தது: அங்கே உத்தரத்தடியில் மாட்டிய படங்களை முன்பக்கமாகச் சாய்த்துக் கட்டினார்கள், கீழே நிற்பவருக்கு முகம் தெரியும். நாம் உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாய்வை விட்டுவிட்டோம். சோபாவுக்கு மேலே என்றால் சோபாவின் முதுகுக்கும் சட்டத்தின் அடிக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் போதும்.

துளை போடுவதற்கு முன் சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் மின்கம்பி ஓடும். அந்தக் கோட்டில் துளை போடவே கூடாது. செங்கல் சுவருக்கு 6 மில்லிமீட்டர் துளையும் பிளக்கும் திருகாணியும் போதும். இப்போது பல அடுக்குமாடிகளில் எடை குறைந்த கட்டிகளால் சுவர் எழுப்புகிறார்கள். அதற்குத் தனி பிளக் உண்டு, சாதாரண பிளக் கழன்று வந்துவிடும். எந்தச் சுவர் என்று கட்டடக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆணிக்குப் பதில் இரண்டு இடத்தில் தாங்கினால் படம் கோணாது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஆனால் பக்கத்தில் உள்ள கதவு நிலையே கொஞ்சம் கோணலாக இருந்தால், கடைசி முடிவைக் கண்ணிடம் விடுங்கள்.

வெளிச்சம்

எலக்ட்ரீஷியன் ஒயரிங் செய்யும்போதே படத்துக்கான விளக்கு எங்கே வரும் என்று சொல்லிவிட வேண்டும். படத்தை முதலில் தேர்ந்தெடுப்பதில் இது பெரிய லாபம். கூரையிலிருந்து வரும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் படத்தின் மேல் விழ வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் விழும். அதைவிடச் சாய்ந்தால் பார்ப்பவரின் நிழல் விழும். எல்இடி விளக்கின் பெட்டியில், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் நிறக்காட்சி எண் (CRI) 90க்கு மேல் இருக்கிறதா, 2700 முதல் 3000 கெல்வின் வரையான இதமான மஞ்சள் ஒளியா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை வெளேரென்ற விளக்கில் தஞ்சாவூர்த் தங்கம் பித்தளையாகத் தெரியும். அந்த ஓவியத்துக்கு விளக்கைக் கொஞ்சம் தாழ்வாக, ஒரு பக்கமிருந்து மங்கலாகப் போட்டுப் பாருங்கள். அவை முதலில் எண்ணெய் விளக்கின் ஒளியில் பார்க்கச் செய்யப்பட்டவை. ஒளி அசையும்போது தங்கம் உயிர்பெறுவதைக் காண்பீர்கள்.

துணிக்கும் தாளுக்கும் வெளிச்சம் குறைவாகவே இருக்கட்டும். அருங்காட்சியகங்கள் படத்தின் மேல் விழும் ஒளியை இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவிலும் எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவிலும் நிறுத்திக்கொள்கின்றன. தனி சுவிட்ச் வைத்து, ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடம், பூஜை விளக்கின் கரி ஏறும் இடம், தாளிக்கும் புகை வந்து சேரும் இடம் ஆகியவற்றிலும் படம் வேண்டாம்.

மாட்டிய பிறகு

ஈரத்துணியால் எந்தப் படத்தையும் துடைக்கக்கூடாது. சட்டத்துக்கு உலர்ந்த மென்துணி, கண்ணாடிக்குத் துணியில் தெளித்த நீர். கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கும். வேலைக்கு வருகிற அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசியில் மழைக்கு முன், எல்லாப் படங்களையும் கீழே இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நான் நவராத்திரிக்குக் கொலுப்படி எடுக்கும் நாளில் இதைச் செய்கிறேன்; ஏணி எப்படியும் வெளியே வந்திருக்கும். கரையான் மண், பூச்சி முட்டை, அட்டையில் ஈரக்கோடு ஏதாவது தெரிந்தால் அன்றே சட்டக் கடைக்கு அனுப்புங்கள். துணி ஓவியங்களைச் சில மாதம் சுருட்டி வைத்து ஓய்வு கொடுத்து, அந்த இடத்தில் வேறொன்றை மாட்டலாம். மடித்து மட்டும் வைக்காதீர்கள், மடிப்பிலேயே கிழியும்.

ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வரைந்தவர் பெயர், ஊர், வாங்கிய ஆண்டு, எதில் வரைந்தது, யார் கொடுத்தது. மயிலாப்பூர் வீட்டின் ஒன்பது படங்களுக்கும் அந்த ஆசிரியையே தம் கையால் எழுதினார்: அம்மாவின் முழுப்பெயர், தெருவின் பெயர், எந்தக் கோலம் எந்தப் பண்டிகைக்குப் போட்டது என்பது. ஒரு படத்துக்கு மட்டும் பண்டிகை ஞாபகம் வரவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் தம் அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, அதையும் எழுதி ஒட்டிய பிறகுதான் சுவரில் ஏற்றவிட்டார்.